பிறந்த தேதியையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சவர்

போன செமஸ்டர் நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு மினி ப்ராஜெக்ட் பண்ணோம். ஆர்எஃப்ஐடி அட்டெண்டன்ஸ். ஐடி கார்டுக்குப் பின்னாடி ஒரு டேக் ஒட்டியாச்சு, லேப் வாசல்ல ஒரு ரீடர் மாட்டியாச்சு. உள்ளே நடந்து வந்தா போதும், அட்டெண்டன்ஸ் தானா விழும். டெமோ அன்னைக்கு சூப்பரா ஓடிச்சு. கைதட்டல் எல்லாம் கிடைச்சது.

தினமும் ஓட விட்டப்போதான் வண்டவாளம் தெரிஞ்சது. வாசல்ல நின்னு ரெண்டு நிமிஷம் பேசினவரோட டேக் நூறு தடவைக்கு மேல பதிவாச்சு. லேபுக்கே வராம வராந்தாவுல நடந்து போனவர் பிரசென்ட் ஆனார். உள்ளே முதல் பெஞ்சுல உட்கார்ந்திருந்தவர் ஆப்சென்ட் ஆனார். மனுஷ உடம்புல இருக்கிற தண்ணியும் பக்கத்துல இருக்கிற உலோகமும் அந்த ரேடியோ அலையைக் கெடுத்துடும்னு அப்போதான் படிச்சோம். சரி, டேட்டாவை சுத்தம் பண்ணிடலாம்னு ஒரு ரூல் எழுதினோம். ஒரு பீரியடுல மூணு தடவைக்குக் குறைவா வந்த டேக் எல்லாம் நாய்ஸ், தூக்கிடு. டேபிள் பளபளன்னு ஆச்சு. இடம் மிச்சமாகட்டும்னு பழைய ரா டேட்டாவையும் அழிச்சிட்டோம்.

எங்க வகுப்புத் தோழி ஒருத்தி ஐடி கார்டையும் போனையும் ஒரே பவுச்சுல வைப்பா. போன் டேக்கை மறைச்சதால அவ டேக் ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டு தடவைதான் பதிவாச்சு. எங்க ரூல் அதைக் குப்பைன்னு முடிவு பண்ணி அஞ்சு நாளும் அவளை ஆப்சென்ட் ஆக்கிடுச்சு. அது சோதனை ஓட்டம்தான், பக்கத்துலயே கையெழுத்து நோட்டும் இருந்துச்சு, அதனால தப்பிச்சோம். நோட்டு இல்லாம இருந்திருந்தா? அவ வந்தாங்கிறதுக்கு ஒரே சாட்சி நாங்க அழிச்ச அந்த ஒண்ணு ரெண்டு வரிதான்.

அந்த வாரம் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் புக்கைப் புரட்டும்போது பக்கத்துக்குப் பக்கம் ஒரே பேர் வந்துட்டே இருந்துச்சு. காஸ் எலிமினேஷன், காஸ்-ஜோர்டான், காஸ்-சைடல். (சிலிண்டர் கேஸ் இல்லைங்க, ஆள் பேரு!) பரீட்சைக்காக மட்டும் தெரிஞ்சு வச்சிருந்த இந்த மனுஷனைப் பத்தித் தேடிப் படிச்சேன். பொய் சொல்லும் கருவிகள், விட்டுப்போன ரீடிங்குகள், கைக்குக் கிடைத்த அரைகுறை எண்கள், இவற்றோடுதான் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி போயிருக்கிறது. அந்த வாழ்க்கைதான் இந்தக் கட்டுரை.

காணாமல் போன முதல் டேட்டா

கார்ல் ஃப்ரீடரிக் காஸ் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் பிறந்தவர். அப்பா கொத்தனார் வேலை, தோட்ட வேலை என்று கிடைத்த வேலையைச் செய்தவர். அம்மா டோரத்தியாவுக்கு எழுதத் தெரியாது. மகன் பிறந்த தேதியை அவர் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. அவருக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: அன்று புதன்கிழமை, இயேசுவின் விண்ணேற்றத் திருநாளுக்கு எட்டு நாள் முன்பு.

நம்ம ஊர்ல தாத்தா பாட்டிகிட்ட கேட்டா, அந்தப் பெரிய புயல் அடிச்ச வருஷம், தீபாவளிக்கு மறுநாள்னு சொல்வாங்களே, அது மாதிரிதான். அதையும் டேட்டான்னுதான் சொல்லணும். வேற ஃபார்மட்ல இருக்கு, அவ்வளவுதான்.

விண்ணேற்றத் திருநாள் ஈஸ்டருக்கு 39 நாள் கழித்து வரும். ஈஸ்டரோ நிலாவைப் பொறுத்து வருடா வருடம் மாறும். எந்த வருடத்துக்கும் ஈஸ்டர் தேதியைக் கண்டுபிடிக்கும் ஒரு கணக்கு முறையை காஸ் 1800-ல் வெளியிட்டார். 1777-ல் ஈஸ்டர் மார்ச் 30. அதோடு 39 நாள் கூட்டினால் மே 8. எட்டு நாள் பின்னால் போனால் ஏப்ரல் 30. அது புதன்கிழமைதானா என்று பார்த்தால், ஆமாம், புதன்கிழமையேதான். அம்மா சொன்ன இரண்டு தகவலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. இன்று எல்லாப் புத்தகத்திலும் அவர் பிறந்த நாளாக அச்சாகும் 30 ஏப்ரல் 1777 இப்படி மீட்கப்பட்டதுதான்.

கவனிச்சீங்களா? கிழமையும் திருநாளும் ரெண்டு தனித்தனி சாட்சி. ஒண்ணு மட்டும் இருந்திருந்தா விடை கிடைச்சிருக்கலாம், ஆனா அது சரியான்னு சோதிக்க முடிஞ்சிருக்காது.

பள்ளியில் 1 முதல் 100 வரை கூட்டச் சொன்ன கதை உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுவோம். பையனின் திறமை பிரவுன்ஷ்வைக் பிரபுவின் காதுக்கு எட்டியது. அவர் கொடுத்த உதவித்தொகையில்தான் கொத்தனார் மகன் கல்லூரிக்கும், 1795-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கும் போனார். எண் கணிதத்தில் அவர் எழுதிய பெரிய நூல் 1801-ல் வந்தது. அதே வருடம் வானத்தில் ஒரு பொருள் தொலைந்து போனது.

41 நாள் ரீடிங், அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை

1801 ஜனவரி 1. இத்தாலியின் பலெர்மோ நகரில் ஜுசெப்பே பியாஸி என்ற வானியலாளர் நட்சத்திரப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொண்டிருந்தார். பட்டியலில் இல்லாத ஒரு மங்கலான புள்ளி தெரிந்தது. மறுநாள் அது கொஞ்சம் நகர்ந்திருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ஒரு கிரகம் இருக்க வேண்டும் என்று பலர் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பியாஸி பிப்ரவரி 11 வரை, மேகம் விட்ட இரவுகளில் எல்லாம் அதைப் பின்தொடர்ந்தார். பிறகு நோயில் படுத்துவிட்டார். அவர் எழுந்து வருவதற்குள் அந்தப் பொருள் சூரிய வெளிச்சத்துக்குள் போய் மறைந்துவிட்டது. சீரிஸ் என்று அவரே பேர் வைத்த அந்தக் குட்டிக் கிரகம் அவ்வளவு சீக்கிரம் தொலைந்தது.

கையில் இருந்தது 41 நாட்களில் எடுத்த 24 குறிப்புகள். அத்தனை நாளில் அது வானத்தில் நகர்ந்த தூரம் ஏறக்குறைய 3 டிகிரி, அதாவது ஆறு முழுநிலாவை வரிசையாக வைத்த அகலம். ஒரு பெரிய வட்டத்தின் சின்னஞ்சிறு துண்டைக் காட்டி மீதி வட்டத்தை வரையச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தத் துண்டிலும் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கொஞ்சம் பிழையோடு இருக்கிறது. துண்டில் கடுகளவு தப்பு இருந்தாலும், பல மாதம் கழித்து அது மலையளவு ஆகிவிடும்.

பெரிய வானியலாளர்கள் பலர் கணக்குப் போட்டார்கள். அவரவர் சொன்ன இடத்தில் தேடினால் சீரிஸ் இல்லை. பியாஸியின் முழுக் குறிப்புகள் அந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஜெர்மன் வானியல் இதழில் வெளியாயின. காஸுக்கு அப்போது வயது 24. நம்ம ஃபைனல் இயரை விட ரெண்டு மூணு வயசுதான் அதிகம்.

அவர் செய்த முதல் நல்ல காரியம், முன்முடிவைத் தூக்கி எறிந்தது. மற்றவர்கள் பாதை வட்டமாக இருக்கும் என்றோ வேறு எளிய வடிவம் என்றோ எடுத்துக்கொண்டு அதில் குறிப்புகளைப் பொருத்தினார்கள். காஸ் அப்படிச் செய்யாமல், சூரியனைச் சுற்றும் எதுவும் கெப்ளர் விதிப்படிதான் போகும் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். ஒன்றுக்கொன்று தள்ளியிருந்த மூன்று குறிப்புகளை எடுத்து ஒரு தோராயமான பாதை போட்டார். பிறகு மற்றக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துப் பாதையைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். இன்று நாம் மாடல் ஃபிட்டிங், ரெசிடுவல் என்று சொல்வது இதைத்தான்.

அந்த வருடத்தின் கடைசி நாள் இரவு, ஜெர்மனியில் இதழாசிரியர் ஃபான் சாக் தொலைநோக்கியைத் திருப்பினார். காஸ் சொன்ன இடத்திலிருந்து அரை டிகிரி தூரத்தில், ஒரு நிலா அகலத்துக்குள் சீரிஸ் இருந்தது. அடுத்து ஓல்பர்ஸும் அதைப் பார்த்து உறுதி செய்தார். ஒரே இரவில் ஐரோப்பா முழுக்க காஸ் பேர் பரவியது.

பிழைக்கும் ஒரு வடிவம் உண்டு

சீரிஸ் விஷயத்தில் காஸ் என்ன சூத்திரம் வைத்திருந்தார் என்பதைச் சுற்றி ஒரு சண்டையே நடந்தது. லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக்காரர் லெஜாண்டர், 1805-ல். 1809-ல் தன் புத்தகத்தில் அதே முறையை எழுதிய காஸ், 1795 முதலே தான் இதைப் பயன்படுத்தி வருவதாகச் சொன்னார். லெஜாண்டருக்கு வந்ததே கோபம்! முதலில் வெளியிட்டவருக்கே உரிமை என்பது அவர் கட்சி. ப்ராஜெக்ட் ஐடியாவை யார் முதல்ல சொன்னதுங்கிற சண்டை இருநூறு வருஷத்துக்கு முன்னாடியும் இருந்திருக்கு.

முறை என்ன? ஒரே அறையில் மூன்று தெர்மாமீட்டர். ரீடிங் 30.1, 30.3, 30.8. உண்மையான வெப்பநிலை என்ன? ஏதோ ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு ரீடிங்கும் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அந்த விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். 30.3 என்று எடுத்தால் கூட்டல் 0.29 வரும். 30.4 என்று எடுத்தால் 0.26. வேறு எந்த எண்ணை எடுத்தாலும் இதைவிடக் குறையாது. அந்த 30.4 வேறொன்றுமில்லை, நம்ம சராசரிதான். தெரியாத எண் ஒன்றாக இருந்தால் சராசரி. ஒரு கிரகப் பாதை மாதிரி ஆறு தெரியாத எண்கள் இருந்தால், அதே யோசனை சமன்பாடுகளாக விரியும்.

லெஜாண்டர் சொல்லாத ஒன்றை காஸ் சொன்னார். ஏன் வர்க்கம்? நல்ல கருவியில் சின்னப் பிழைகள் அடிக்கடி வரும், பெரிய பிழைகள் அபூர்வமாக வரும், மேலேயும் கீழேயும் ஒரே அளவில் வரும். இந்த எண்ணத்திலிருந்து அவர் வந்து சேர்ந்த இடம்தான் மணி வடிவ வளைவு. நாம் நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் என்று படிக்கிறோமே, அதற்கு காஸியன் என்ற பேர் அதனால்தான். பிழை என்பது அவமானம் என்று மறைத்து வைத்த காலத்தில், பிழைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதை அளக்கலாம் என்று காட்டியது பெரிய விஷயம்.

கூடவே இன்னொன்று. எல்லா ரீடிங்குக்கும் ஒரே மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. நல்ல கருவியின் ரீடிங்குக்கு அதிக எடை, சந்தேகமான ரீடிங்குக்குக் குறைந்த எடை. எங்க ரூல்ல இருந்த ஓட்டை இதுதான். எங்களுக்கு எடைன்னு ஒண்ணு கிடையாது. இருக்கு, இல்லைன்னு ரெண்டே பதில்தான்.

தூக்கி எறிந்த ஒரு சமன்பாடு

அப்படின்னா காஸ் எதையுமே தூக்கி எறிய மாட்டாரா? எறிவார். எப்படி என்பதுதான் பாடம்.

சீரிஸுக்கு அடுத்து கண்டுபிடிக்கப்பட்ட பல்லாஸ் என்ற குட்டிக் கிரகம் வியாழனின் இழுப்பில் சிக்கி ஆட்டம் போடுவது. அதன் பாதைக்காக 1803 முதல் 1809 வரையிலான ஆறு சந்தர்ப்பங்களின் அளவீடுகளை காஸ் எடுத்துக்கொண்டார். கிடைத்தது 12 சமன்பாடுகள், தெரியாத எண்கள் 6. அதில் ஒரு சமன்பாட்டை மட்டும் அவர் விட்டுவிட்டார். அந்த அளவீடு எடுக்கப்பட்ட விதமே நம்பத்தக்கதாக இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி, விட்டதை வெளிப்படையாக எழுதியும் வைத்தார். விடைக்குப் பிடிக்காத எண்ணை யாருக்கும் தெரியாமல் அழிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! மீதமுள்ள சமன்பாடுகளை ஒவ்வொன்றாகத் தெரியாத எண்ணை நீக்கி நீக்கித் தீர்த்தார். நாம் காஸ் எலிமினேஷன் என்று போர்டில் போடுவதன் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

இதே குட்டிக் கிரகக் கணக்குகளுக்காக 1805 வாக்கில் அவர் ஒரு குறுக்கு வழியும் எழுதினார். சம இடைவெளியில் எடுத்த ரீடிங்குகளைச் சின்னக் கூட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறை. அதை அவர் அச்சிடவே இல்லை. 1965-ல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட எஃப்எஃப்டி-யோட மூளை அந்தப் பழைய நோட்டிலேயே இருந்தது என்று பிறகுதான் உலகம் கவனித்தது. டிஎஸ்பி பேப்பர்ல அரியர் வச்சிருக்கிறவங்க யாரைத் திட்டணும்னு இப்போ தெரிஞ்சிடுச்சு.

இந்த வருடங்கள் வெளியே புகழ், வீட்டில் துக்கம். உதவித்தொகை கொடுத்த பிரபு 1806-ல் நெப்போலியனோடு நடந்த போரில் காயமடைந்து இறந்தார். 1807-ல் காஸ் கோட்டிங்கன் வானாய்வுக்கூடத்தின் இயக்குநரானார். 1809-ல் மனைவி யோஹன்னா பிரசவத்துக்குப் பின் இறந்தார். அந்தக் குழந்தையும் சில மாதங்களில் போய்விட்டது. அடுத்த வருடம் மின்னாவை மணந்தார். அவரும் நீண்ட நாள் நோயில் இருந்து 1831-ல் இறந்தார். கணக்குக்கு அப்பால் காஸ் மனம் திறந்து பேசாத, தனிமையான மனிதராகவே இருந்தார் என்று எழுதுகிறார்கள்.

மூன்றாவது கோணம் எதுக்கு?

1820-ல் ஹனோவர் நாட்டை அளக்கும் வேலை வந்தது. உலகப் புகழ் கணித மேதை, 1821 முதல் 1825 வரை கோடை முழுக்க மலை உச்சிகளிலும் சேற்றிலும் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

முறை எளிமையானது. தூரத்து உச்சிகளை முக்கோணங்களாக இணைத்து, கோணங்களை அளப்பது. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் மீதி எல்லாம் கணக்கில் வந்துவிடும். ஆனால் பல மைல் தூரத்தில் உள்ள உச்சியைப் பார்ப்பது எப்படி? ஒருமுறை தூரத்து ஹாம்பர்க் தேவாலயக் கோபுரத்தின் ஜன்னல் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்தது அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்து பிறந்தது ஹீலியோட்ரோப்: சூரிய ஒளியைச் சின்னக் கண்ணாடியால் சரியாக அடுத்த உச்சியை நோக்கித் திருப்பும் கருவி. சிக்னல் பலவீனமா இருந்தா சாஃப்ட்வேரில் மல்லுக்கட்டுவதற்கு முன்னால் சிக்னலையே பலப்படுத்துன்னு இதுக்கு அர்த்தம். எங்க டேக்கைக் கார்டுக்கு முன்பக்கம் ஒட்டியிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்!

முக்கோணத்தில் இரண்டு கோணம் அளந்தால் போதும், மூன்றாவது தானாக வரும். பிறகு ஏன் மலை ஏறி மூன்றாவதையும் அளக்கணும்? அந்த மூன்றாவதுதான் மற்ற இரண்டின் பொய்யைப் பிடிக்கும். கூட்டினால் 180 டிகிரி வர வேண்டும். வரவில்லை என்றால் வித்தியாசம்தான் பிழையின் அளவு. இரண்டை மட்டும் அளந்தால் பிழை இல்லாத மாதிரியே தோன்றும், ஏனென்றால் அதைக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பூமி உருண்டை என்பதால் பெரிய முக்கோணத்தின் கோணங்கள் 180 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேதான் வர வேண்டும். ஹோஹர் ஹாகன், புரோக்கன், இன்செல்ஸ்பெர்க் என்ற மூன்று உச்சிகளை இணைத்த அவருடைய பெரிய முக்கோணத்தின் ஒரு பக்கமே 100 கிலோமீட்டரைத் தாண்டும். அதற்கு வர வேண்டிய உபரி ஏறக்குறைய 15 விகலை. ஒரு டிகிரியில் 3600 விகலை என்றால் எவ்வளவு சின்னது பாருங்க. இந்த 15-ஐ யாராவது அளவீட்டுப் பிழை என்று சுத்தம் செய்து 180-க்கு இழுத்துவிட்டால், பூமியின் வளைவையே அழித்ததாகிவிடும். எது பிழை, எது உலகத்தின் குணம் என்று தெரியாமல் துடைப்பத்தை எடுக்கக் கூடாது.

அவருக்குப் பிறகு ராணுவ அதிகாரிகள் வேலையைத் தொடர்ந்தார்கள். மகன் யோசஃபும் அதில் ஒருவர். மொத்தக் கணக்கும் காஸ் மேஜைக்கே வந்தது. எக்செல் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது, காகிதமும் பேனாவும்தான்.

1836-ல் ஒரு சென்சார் நெட்வொர்க்

1831-ல் வில்ஹெல்ம் வெபர் என்ற இளம் இயற்பியலாளர் கோட்டிங்கனுக்கு வந்தார். காஸை விட 27 வயது சின்னவர். மனைவி இறந்த அந்த வருடத்தில் காஸுக்குக் கிடைத்த நல்ல துணை. இருவரும் 1833-ல் ஊர்க் கூரைகளுக்கு மேலே கம்பி இழுத்து, வானாய்வுக்கூடத்துக்கும் இயற்பியல் கூடத்துக்கும் நடுவே தந்தி அனுப்பினார்கள். ஆனால் அவர்களின் பெரிய வேலை பூமியின் காந்தத்தை அளப்பது.

முதல் சிக்கல் கேலிப்ரேஷன். ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டு ஆட்டினால், அது ஆடும் வேகத்திலிருந்து பூமிக் காந்தத்தின் பலம் தெரியும். ஆனால் அந்த வேகம் ஊசியின் சொந்தக் காந்தத்தையும் பொறுத்தது. ஊசி நாளாக நாளாக பலம் இழக்கும். அப்போ ரீடிங் மாறினா பூமி மாறிச்சா, ஊசி மாறிச்சா? இன்னைக்கு நாம சென்சார் ட்ரிஃப்ட்னு சொல்ற அதே தலைவலி. காஸ் 1832-ல் தந்த விடை அழகானது. ஊசி ஆடுவதை அளந்தால் ஊசி பலமும் பூமி பலமும் பெருக்கினால் வரும் எண் கிடைக்கும். அதே ஊசியால் இன்னொரு ஊசியை விலகச் செய்து அளந்தால், ஊசி பலத்தைப் பூமி பலத்தால் வகுத்தால் வரும் எண் கிடைக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். ஊசி பலம் அடிபட்டுப் போகும், பூமி மட்டும் மிஞ்சும். எந்த ஊர், எந்த ஊசி என்றாலும் ஒரே அலகில் ஒப்பிடலாம்.

அடுத்து கட்டடம். 1833-ல் அவர்கள் கட்டிய காந்த ஆய்வுக்கூடத்தில் இரும்பு ஆணிகூடக் கிடையாது. பார்ப்பவர் பக்கத்தில் போய் நின்றால் ஊசி கலையும் என்பதால், ஊசியில் ஒரு கண்ணாடி பொருத்தி, தூரத்திலிருந்து தொலைநோக்கியில் அளவுகோலைப் படித்தார்கள். ஊசி ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரே ஒரு ரீடிங்கை நம்பாமல், அடுத்தடுத்து சிலவற்றை எடுத்துச் சராசரி கண்டார்கள்.

பிறகு வந்தது காந்தச் சங்கம். பெர்லின், லைப்ஸிக், மிலான், உப்சாலா என்று பல நகரங்கள் சேர்ந்தன. வருடத்தில் குறித்த சில நாட்களில், 24 மணி நேரம், 5 நிமிடத்துக்கு ஒரு ரீடிங். ஒரு நாளைக்கு 288. எல்லா ஊரும் தன் உள்ளூர் நேரத்தை விட்டுவிட்டு கோட்டிங்கன் நேரப்படி எடுக்க வேண்டும். நெட்வொர்க் முழுக்க ஒரே டைம்ஸ்டாம்ப்! ராத்திரி முழுக்க விளக்கு வெளிச்சத்தில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து எழுதினார்கள். அந்தத் தாள்கள் தபாலில் கோட்டிங்கனுக்கு வந்தன.

வரைந்து பார்த்தபோதுதான் ஆச்சரியம். ஒரு ஊரின் கோட்டை மட்டும் பார்த்தால் ஏகப்பட்ட நெளிவு, திடீர் முள், திடீர் பள்ளம். கருவி சரியில்லை, பார்த்தவர் தூங்கிவிட்டார் என்று சொல்லி இழைத்துச் சமமாக்கத் தோன்றும். ஆனால் பல ஊர்க் கோடுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால், நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த ஊர்களிலும் அதே நிமிடத்தில் அதே முள், அதே பள்ளம். பெர்லினில் ஒருவர் தூங்கலாம். அதே நிமிடம் மிலானிலும் உப்சாலாவிலும் சேர்ந்தா தூங்கியிருப்பார்கள்? பூமியின் காந்தமே அந்த நிமிடம் நடுங்கியிருக்கிறது. ஒரு ஊரில் குப்பை மாதிரித் தெரிந்தது, பல ஊர் சேர்ந்து பார்த்தபோது கண்டுபிடிப்பு ஆனது.

அந்த வேலையின் உச்சமாக 1839-ல் காஸ் பூமிக் காந்தத்தின் பொதுக் கோட்பாட்டை வெளியிட்டார். அதுவரை கிடைத்த வரைபடங்களிலிருந்து 84 இடங்களின் அளவுகளை எடுத்து, பூமி முழுவதற்குமான காந்தப் புலத்தை 24 எண்களுக்குள் அடக்கினார். அந்தக் காந்தத்தின் பெரும்பகுதி பூமிக்குள்ளிருந்தே வருகிறது என்றும் காட்டினார். பிரிட்டிஷ்காரர்கள் இதைப் பின்பற்றி உலகம் முழுக்க நிலையங்கள் அமைத்தபோது சென்னை, சிம்லா, சிங்கப்பூரிலும் காந்த ஆய்வுக்கூடங்கள் வந்தன. அப்படி அந்த வலையின் ஒரு நுனி நம்ம ஊர் வரைக்கும் நீண்டது.

பேசாத ஒரு நாள்

காஸை வெறும் மேதையாக நிறுத்திவிட்டுப் போக எனக்கு மனசில்லை. 1837-ல் ஹனோவரின் புதிய மன்னர் அரசியல் சட்டத்தை ரத்து செய்தார். ஏழு பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டு வேலை இழந்தார்கள். அதில் வெபர் ஒருவர். காஸின் மருமகன் எவால்ட் இன்னொருவர். காஸுக்கு அப்போது அறுபது வயது. தள்ளாத அம்மா அவரோடுதான் இருந்தார். வெளிப்படையாக அவர் வாய் திறக்கவில்லை. வெபர் சில வருடம் கோட்டிங்கனிலேயே இருந்து உதவினார், 1843-ல் லைப்ஸிக் போய்விட்டார். காந்தச் சங்கமும் அத்தோடு ஓய்ந்தது. எல்லா ஊரிலிருந்தும் சாட்சி சேர்த்தவர், தன் பக்கத்து அறை நண்பனுக்காகச் சாட்சி சொல்லவில்லை. இதையும் ரெக்கார்டிலிருந்து அழிக்காமல் வைப்பதுதான் நியாயம்.

பார்வை இழந்த அம்மா டோரத்தியாவைக் கடைசி வரை கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டார். 1839-ல் அவர் இறந்தார். வெபர் 1849-ல் திரும்பி வந்தார். 1855 பிப்ரவரி 23 அன்று, கோட்டிங்கனிலேயே காஸ் காலமானார். அவர் இறந்த தேதியை யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்க கோடுல என்ன மாத்தினோம்

இதையெல்லாம் படிச்சிட்டு ப்ராஜெக்டை மறுபடி திறந்தோம். இப்போ ரா டேட்டாவை யாரும் தொட முடியாது, தனி டேபிள்ல அப்படியே இருக்கும். தூக்கின ஒவ்வொரு வரிக்கும் ஏன் தூக்கினோம்னு ஒரு காலம் சேர்த்தாச்சு. வாசலோட இன்னொரு பக்கம் ரெண்டாவது ஆன்டெனா வந்தாச்சு, லேப் கம்ப்யூட்டர் லாகினும் மூணாவது சாட்சியா சேர்ந்தாச்சு. எல்லாருக்கும் மூணு தடவைங்கிற ஒரே ரூல் போய், ஒவ்வொரு டேகும் வழக்கமா எத்தனை தடவை வரும்னு பார்த்து அதுக்கேத்த அளவு வச்சோம். எப்பவும் நாப்பது தடவை வர்ற டேக் ஒரு தடவை வந்தா சந்தேகப்படலாம். எப்பவும் ஒரு தடவையே வர்ற டேக் ஒரு தடவை வந்தா, அந்த ஆள் வந்திருக்காங்கன்னு அர்த்தம். சாட்சிகள் ஒத்துப்போகாத வரியை சிஸ்டம் தானா முடிவு பண்ணாம, மஞ்சள் கலர்ல காட்டி மனுஷங்ககிட்ட கேட்கும்.

இன்னும் நூறு சதவீதம் சரியா ஓடலை. ஆனா எங்கே தப்பா ஓடுதுன்னு இப்போ எங்களுக்குத் தெரியுது.

அந்தத் தோழி இப்பவும் கார்டையும் போனையும் ஒரே பவுச்சுலதான் வைக்கிறா. மாத்தச் சொல்லி நாங்க கேட்கலை. ஒரு தடவைதான் பதிவாகுறா, பிரசென்ட்னு விழுது.